வால்வு சீல் மாற்றும்போது நான் தவறவிட்ட இடம்

இரவு முழுக்க நின்ற பைக்கை காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை வரும், சற்று நேரத்தில் அடங்கிவிடும். என் 150 சிசி பைக்கில் தொந்தரவு இப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மூடி இறங்கி, கீழே வந்து முறுக்கும்போதும் புகை வந்தது. இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது இன்டேக் வழியில் வெற்றிடம் கூடும். தளர்ந்த சீலைத் தாண்டி அது ஆயிலை உறிஞ்சிவிடும்.

முறுக்க முறுக்கப் புகை கூடினால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ கசிகிறது.

இந்த வேலையை நான் இரண்டு முறை செய்ய வேண்டியதாயிற்று. வால்வுத் தண்டின் நுனியில் லாக் (ஸ்பிரிங்கை வால்வுத் தண்டோடு பிடித்திருக்கும் சின்னத் துண்டு) உட்காரும் சின்னப் பள்ளம் ஒன்று உண்டு. முதல் முறை அதை நான் கவனிக்கவே இல்லை. அதனால் அந்த இடத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹெட்டை (வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதி) இறக்குவது பொறுமையான வேலை, அவ்வளவுதான். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். கிராங்கைத் திருப்பி டைமிங் குறியை நேராக நிறுத்துங்கள். இரண்டு ராக்கரும் (வால்வுகளை அமுக்கும் கைகள்) லேசாக ஆடினால் சரியான இடம். குறிகளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் டென்ஷனர் (கேம் செயினை இறுக்கிப் பிடிப்பது), அப்புறம் கேம் ஸ்ப்ராக்கெட் (அந்தச் செயின் சுற்றும் பல்சக்கரம்). செயின் உள்ளே விழாமல் கம்பியால் கட்டிவிடுங்கள். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியப் பரப்பில் கீறல் விழும், பிறகு அங்கேதான் கசியும்.

ஸ்பிரிங் கம்ப்ரஸரை மாட்டுவதற்கு முன், ரிடெய்னர் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) மேல் ஒரு சாக்கெட்டை வைத்து ஒரு தட்டு தட்டுங்கள். இறுகிப்போன லாக் விட்டுக்கொடுக்கும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், ஸ்பிரிங் விசை சாதாரணமானதில்லை. ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டு அரைத்துண்டு லாக்குகளையும் காந்தத்தால் எடுங்கள். ஓர் அட்டையில் துளை போட்டு, இன்டேக், எக்ஸாஸ்ட் என்று எழுதி, அந்தந்த வால்வின் உதிரிகளை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

இனி அந்தப் பள்ளம். ராக்கர் அடித்து அடித்துத் தண்டின் நுனி சற்று விரிந்து, பள்ளத்தின் விளிம்பில் பிசிறு எழும்பியிருக்கும். நகத்தால் தடவினால் தெரியும். அந்தப் பிசிறோடு வால்வைத் தட்டி இறக்கினால் கைடின் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) உள்சுவர் நெடுக கீறிக்கொண்டு போகும். சன்னமான எண்ணெய்க் கல்லால் தேய்த்துப் பிசிறை எடுத்த பிறகு, வால்வு கையாலேயே வழுக்கி வர வேண்டும்.

கைடு தேய்ந்திருந்தால் புது சீல் நிலைக்காது. வால்வைச் சுமார் 10 மில்லிமீட்டர் தூக்கி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் மேனுவலில் சொன்ன அளவைத் தாண்டினால் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டு போய்விடுங்கள். கைடு மாற்றி, ரீமர் ஓட்டி, சீட் (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) வெட்டுவதை வீட்டில் செய்ய நான் துணிய மாட்டேன். தண்டு வளைந்திருந்தாலோ, வால்வுத் தலையின் ஓரம் கத்தி போல் மெலிந்திருந்தாலோ, முகத்தில் ஆழமான குழிகள் இருந்தாலோ புது வால்வு வாங்குங்கள்.

வால்வை சீட்டில் அரைக்க சன்ன கிரைண்டிங் பேஸ்ட் போதும். ரப்பர் கப் உள்ள உறிஞ்சு குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, தீக்கடைவது போல முன்னும் பின்னும் சுழற்றி, அவ்வப்போது தூக்கிக் கால் வட்டம் திருப்பி வையுங்கள். சீட்டைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் வந்ததும் நிறுத்திவிடலாம். என் எஞ்சினில் அது 1 மில்லிமீட்டர் அகலம். டைட்டானியம் வால்வை இப்படி அரைக்கக் கூடாது. பேஸ்ட்டில் ஒரு துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயிலும், அப்புறம் சோப்பு நீரிலும் கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் தடவுங்கள்.

சீல் மாட்டுவதற்கு முன் ஸ்பிரிங்கின் அடி வாஷரைப் போட்டாயிற்றா என்று பாருங்கள். மறந்துவிட்டால் சீலைப் பிடுங்க வேண்டும், பிடுங்கிய சீல் மறுபடி உதவாது. முதல் முறை நான் சீலைக் கைடில் அமுக்கிவிட்டுக் கீழிருந்து வால்வைச் செருகினேன். பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டை அறுத்தது எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்தில் புகை திரும்ப வந்தது. கழற்றிப் பார்த்தபோது புது சீலின் உதட்டில் மயிரிழைபோல ஒரு வெட்டு.

இரண்டாவது முறை வால்வை முதலில் ஆயிலோடு செருகி, வெளியே நீட்டிய நுனியில் மெல்லிய டேப்பைச் சுற்றிப் பள்ளத்தை மூடினேன். சில சீல் கிட்டில் இதற்கென்றே பிளாஸ்டிக் உறை வரும். அதன் மேல் ஆயில் தடவி, சீலை வழுக்கி இறக்கி, டேப்பை உரித்துவிட்டு, பொருத்தமான சாக்கெட்டை வைத்துக் கையால் அமுக்கினேன். டேப் சுற்றிய தண்டு கைடுக்குள் நுழையாது, அதனால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

ஸ்பிரிங்கில் சுற்றுகள் நெருக்கமாக உள்ள முனை ஹெட் பக்கம் இருக்க வேண்டும். லாக்குகளைக் கிரீஸ் தொட்டு ஒட்டினால் நழுவாது. மாட்டியதும் மேலே துணியைப் போட்டு, தண்டின் நுனியை பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு முறை தட்டுங்கள். சரியாக உட்காராத லாக் இப்போதே கழன்றுவிடும். பிறகு போர்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். எரியறைப் பக்கம் ஈரம் கசிந்தால் மறுபடி அரைக்க வேண்டும்.

புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளைக் குறுக்காக, மேனுவல் சொல்லும் டார்க் அளவுக்குப் படிப்படியாக இறுக்குங்கள். டைமிங் குறிகளைச் சேர்த்து, டென்ஷனரை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது தடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். டாப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் உள்ளது) ஃபீலர் கேஜ் வைத்துக் கட்டாயம் சரிசெய்யுங்கள். அரைத்த வால்வு சீட்டில் சற்று உள்ளே போய், தண்டு ராக்கரை நோக்கி ஏறியிருக்கும். இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடவில்லை என்றால் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும்.

முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் தேங்கிய பழைய ஆயில் எரிந்து புகைதான் வரும். பயந்துவிடாதீர்கள். ஓர் இரவு நிறுத்திவைத்து, மறுநாள் காலை சைலன்சர் வாயருகே வெள்ளைத் துணியைப் பிடித்துப் பாருங்கள். நான் பிடித்த துணியில் கொஞ்சம் நீர்த்துளி மட்டும் இருந்தது.