விண்மீனின் ஒளியை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறொளிர் விண்மீன்களை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை, தொலைநோக்கியும் கேமராவும் வைத்து அளப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, படம் எடுக்கும்போதே. பிறகு மென்பொருளில் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு சில பிழைகளுக்குத்தான் செல்லும்.

எந்த மென்பொருளும் மீட்டுத் தராதது, பிக்சல் நிரம்பி வழிவது. 16 பிட் கோப்பில் ஒரு பிக்சலின் ஒளியைக் குறிக்கும் உச்ச எண் 65,535. அதைத் தொட்டபின் எவ்வளவு ஒளி விழுந்தாலும் எண் உயராது. விண்மீன் மங்கலாகப் பதிவாகும். சில சென்சார்கள் அதற்கு முன்பே நேர்விகிதத்திலிருந்து விலகிவிடும். ஆகவே மிகப் பிரகாசமான பிக்சலும் 40,000 சுமாரில் நிற்கும்படி எக்ஸ்போஷரை (ஒரு படத்துக்கு ஒளி சேர்க்கும் நேரத்தை) வையுங்கள். ஒப்பீட்டு விண்மீனையும், அதாவது அளவுகோலாக வைக்கும் ஒளி மாறாத விண்மீனையும், சோதியுங்கள். அது நிரம்பியிருந்தால் நீங்கள் அளக்கும் விண்மீன் பொய்யாகப் பிரகாசமாகிவிடும். இதற்குப் பயந்து எக்ஸ்போஷரை ஒரு வினாடிக்கும் கீழே இறக்கினால் வளிமண்டல மினுமினுப்பு அளவீட்டைக் கெடுக்கும். ஃபோகஸைச் சற்றுத் தளர்த்தி ஒளியைப் பல பிக்சல்களில் பரப்புவதே நல்லது. படம் அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஃபிளாட் படங்களில், அதாவது தூசி நிழல் போன்றவற்றைத் திருத்தச் சீரான ஒளியில் எடுக்கும் படங்களில், சோம்பல் கூடாது. வியாழன் அளவுள்ள கோள் சூரியனையொத்த விண்மீனைக் கடக்கும்போது குறையும் ஒளி சுமார் 1% தான். சென்சாருக்கு முன்னுள்ள ஒரு தூசியின் நிழலே அதை விழுங்கிவிடும். கேமராவைக் கழற்றி மாட்டினாலோ திருப்பினாலோ அந்த நிழல் இடம் மாறும். பழைய ஃபிளாட்டைப் போடுவது, போடாமல் இருப்பதைவிட மோசம்.

டார்க் படம் என்பது சென்சாரின் சொந்த இரைச்சலைக் கழிக்க ஒளியை மூடி எடுப்பது. அதற்கும் விண்மீன் படத்துக்கும் எக்ஸ்போஷர், கெய்ன் (சென்சார் சிக்னலைப் பெருக்கும் அளவு), வெப்பநிலை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். சுமார் 6 டிகிரி செல்சியஸ் ஏறினாலே இருள் மின்னோட்டம், அதாவது ஒளியே இல்லாமல் வெப்பத்தால் சென்சாரில் சேரும் சிக்னல், ஏறத்தாழ இரட்டிப்பாகும். படத்தைச் சுருக்கி எண்களை மாற்றிவிடும் ஜேபெக் கோப்பு வேண்டவே வேண்டாம்.

அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் ஒளி கடக்கும் காற்று, உச்சிவானில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. நீல ஒளி அதில் அதிகம் சிதறும். சிவந்த விண்மீனுக்கு நீல விண்மீனை ஒப்பீடாக வைத்தால், இரண்டும் கீழிறங்கும்போது ஏதோ மாறுவதுபோல் ஒரு பொய்ச்சரிவு வரும். நிறம் ஒத்த, அருகிலுள்ள விண்மீனைத் தேர்ந்தெடுங்கள்.

நேரத்தை உலக நேரத்தில் (UTC), எக்ஸ்போஷரின் நடுப்புள்ளிக்குக் குறியுங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி வந்துசேரும் நேரம் 8 நிமிடம் வரை முன்னும் பின்னும் விலகும். கிரகண இரட்டை விண்மீனை (ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் விண்மீன் இணையை) பல மாதங்கள் தொடரும்போது சூரியமைய நேரத்துக்கு, அதாவது ஒளி சூரியனை எட்டும் நேரத்துக்கு, மாற்றாவிட்டால், மாறாத சுற்றுக்காலமும் மாறுவதாகத் தோன்றும்.