காந்தத் தூண்டலும் கையசைவும்: பக்கவாதத்துக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கு மூளையைக் காந்தத்தால் தூண்டும் சிகிச்சையைச் சில மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். சுருக்கமாக டி.எம்.எஸ். தலையை ஒட்டி வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் சட்டென்று பாய்ந்து நிற்கும். அப்போது எழும் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கரின் குழு செய்து காட்டிய முறை இது. வலியும் அதிகமில்லை.

இதில் நடக்கும் பெரிய தவறு, "அதுதான் மெஷின் வைத்தாயிற்றே" என்று அன்றைய பயிற்சியை விட்டுவிடுவது. தூண்டல் மூளையைக் கொஞ்ச நேரம் கற்றுக்கொள்ளத் தோதான நிலையில் வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் டம்ளரைப் பிடிப்பது, பொத்தான் போடுவது என்று கைக்கு வேலை கொடுக்க வேண்டும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான தூண்டல், இன்னொன்றுக்குப் போலித் தூண்டல். கைப்பயிற்சி மட்டும் இருவருக்கும் ஒன்றே. இரு பிரிவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. தூண்டலே வீண் என்று இதை வைத்து முடிவுகட்ட மாட்டேன். முதல் சில மாதங்களுக்குள் செய்தால் கைக்குப் பலன் உண்டு என்று 2020-இல் ஐரோப்பிய வல்லுநர் குழு உறுதியாகவே பரிந்துரைத்தது. ஆனால் பயிற்சி எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பது அந்த 199 பேரிடம் தெரிகிறது.

அடுத்தது, "அவருக்கு இப்படித்தான் செய்தார்கள், எனக்கும் அதையே செய்யுங்கள்" என்று கேட்பது. நொடிக்கு ஒரு காந்தத் துடிப்பு, அதாவது 1 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் மூளையின் அந்தப் பகுதியை அடக்கும். 5 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் கிளப்பிவிடும். மூளையின் நல்ல பக்கம் பாதித்த பக்கத்தை அளவுக்கு மீறி அமுக்குகிறது என்ற கருத்தில்தான் பலருக்கு நல்ல பக்கத்தில் 1 ஹெர்ட்ஸ் வைக்கிறார்கள். ஆனால் சேதம் மிகப் பெரிதாக இருந்தால், அந்த நல்ல பக்கமே கையசைவுக்குத் துணை நிற்கக்கூடும். அதை அடக்கினால் இருப்பதும் குறையலாம். அதனால் எந்தப் பக்கம், எத்தனை ஹெர்ட்ஸ், ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

உடம்பில் உள்ளதை மறைக்காதீர்கள். தலைக்குள் உலோகக் கிளிப், காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், பேஸ்மேக்கர், முன்பு வந்த வலிப்பு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அரிதாக இந்தச் சிகிச்சையே வலிப்பைத் தூண்டலாம். சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினாலே வலிப்பு வரலாம். சுருள் டக் டக்கென்று சத்தம் போடும், காதடைப்பான் கேட்டு வாங்குங்கள்.

காந்த வளையல், காந்தத் தொப்பி இதற்கு மாற்றாகாது. மாறாமல் நிற்கும் காந்தம் மூளையில் மின்னோட்டத்தை உண்டாக்காது.

அப்புறம், சிகிச்சை நடக்கும் நாட்களில் புதிதாக வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த அமர்வு வரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.