கார்சொம்பைத் தடை செய்யலாமா? போர் விளையாட்டில் அதிவலிமையை அளந்து பார்க்கும் முறை

தீபாவளி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து திரும்பும் இளைஞர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நண்பர்களாகக் கூடி நடத்தும் போக்கிமொன் சுற்றுப்போட்டிகளில், முதல் ஆட்டம் தொடங்குமுன்பே ஒரு வாக்குவாதம் எழுந்துவிடும்: எதைத் தடை செய்வது, எதை விட்டுவைப்பது? "அது ஓபி (அளவுக்கு மீறிய வலிமை கொண்டது), அதை எடுக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்ல, "உனக்கு ஆடத் தெரியவில்லை" என்று மற்றவர் சொல்ல, யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கமே முடிவு சாய்கிறது. குரலை விட நம்பத்தக்க வழிகள் உள்ளன. அவற்றை விளக்கப் போக்கிமொன் ஷோடவுனை எடுத்துக்கொள்கிறேன்: போக்கிமொன் எனும் கற்பனை உயிரினங்களில் ஆறு கொண்ட அணிகளை மோதவிடும் இணையத்தளம் அது. அது உலாவியிலேயே இலவசமாக இயங்குகிறது. முறை வைத்து ஆடப்படுவதால், சிக்னல் தடுமாறும் தோட்டப்புறங்களிலும் ஓரளவு ஒழுங்காக ஆட முடிகிறது. பாத்திரங்களைத் தெரிவு செய்து மோதவிடும் வேறு விளையாட்டுகளுக்கும் இதே முறையைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்தலாம்.

முதலில், எந்த விதிகளின் கீழ் மதிப்பிடுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒருவர் மோதும் ஒற்றை ஆட்டத்தில் அச்சுறுத்தும் போக்கிமொன், இரண்டு எதிரிகள் ஒரே முறையில் சேர்ந்து தாக்கக்கூடிய இரட்டை ஆட்டத்தில் சாதாரணமானதாகிவிடலாம். எந்தத் தலைமுறை (விளையாட்டின் எத்தனையாவது பதிப்பு வரிசை), எந்தத் தடைப்பட்டியல் என்பவையும் முடிவாக வேண்டும். இவை தெளிவில்லாமல் தொடங்கும் விவாதத்தில் இருவரும் வெவ்வேறு விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, "வலிமையானது" என்பதையும் "அளவுக்கு மீறியது" என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்த விளையாட்டிலும் ஏதோ ஒன்று முதலிடத்தில் இருந்தே தீரும். லேண்டோரஸின் தேரியன் வடிவம் ஆறாம், ஏழாம், எட்டாம் தலைமுறைகளில் ஸ்மோகோன் என்ற இணைய ஆட்டக்காரர் சமூகத்தின் விதிகளின் முதன்மைப் பிரிவில் மிக அதிகமாகப் பயன்பட்ட போக்கிமொன்; இருந்தும் அது அங்கே தடை செய்யப்படவில்லை. அது எல்லா அணிகளிலும் பொருந்தியதே தவிர, எதிராளியின் கைகளைக் கட்டிப்போடவில்லை. பயன்பாட்டு வீதத்தை ஸ்மோகோன் வேறொரு வேலைக்கு வைத்திருக்கிறது: 15 ஆட்டங்களில் ஒரு முறையாவது சந்திக்க 50 வீத வாய்ப்பு உள்ளதை, அதாவது 4.52 வீதத்துக்கு மேல் பயன்படுவதை, முதன்மைப் பிரிவில் சேர்க்கிறார்கள். தடை விதிப்பது வாக்கெடுப்பின் வழியாக நடக்கும் தனி வேலை. இவ்விரண்டையும் கலப்பவர்களே "எல்லோரும் எடுக்கிறார்கள், ஆகவே தடை செய்" என்கிறார்கள்.

அளவுக்கு மீறியதா என்று அறிய, அந்தப் பாத்திரம் எதிராளியை என்ன செய்ய வைக்கிறது என்று கேட்க வேண்டும். டிராகன், நிலம் என இரு வகைகளைச் சேர்ந்த போக்கிமொனான, நான்காம் தலைமுறையில் முதன்மைப் பிரிவிலிருந்து விலக்கப்பட்ட கார்சொம்பை ஆராய்ந்தால் இது விளங்கும். அதன் அடிப்படை எண்களில் தாக்குதல் 130, உயிர் 108, வேகம் 102. கண்ணில் முதலில் படுவது 130 என்றாலும், அதைவிடக் கொடியது 102தான் என்பது என் கருத்து. சலமன்ஸ், ஜிராச்சி, ஸாப்டோஸ், செலெபி என அக்காலத்து முன்னணிப் போக்கிமொன்கள் பல 100 வேகத்தில் குவிந்திருந்தன. 100ஆம் மட்டத்தில் முழுப் பயிற்சியும் சாதகமான இயல்பும் கொடுத்தால் அவற்றின் வேகம் 328 ஆகும். கார்சொம்பின் வேகம் 333 ஆகும். வித்தியாசம் 5 புள்ளிதான். ஆனால் வேகம் கூடியது முந்தி அடிக்கும் என்பதால், 5 கூடினாலும் 50 கூடினாலும் அந்த ஒரு மோதலில் பலன் ஒன்றே. எண்களின் கூட்டுத்தொகை இதைக் காட்டாது. கார்சொம்பின் மொத்தமான 600 சலமன்ஸுக்கும் ஜிராச்சிக்கும் செலெபிக்கும் கூட உண்டு. எந்த எண் எந்த எல்லையைத் தாண்டுகிறது என்றே பார்க்க வேண்டும்.

பிறகு, அதை நிறுத்தக்கூடியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதும்போது கவுண்டரையும் செக்கையும் வேறுபடுத்துவது அவசியம். அடி வாங்கிக்கொண்டே களத்துக்குள் வந்து நின்று வெல்லக்கூடியது கவுண்டர்; அடி வாங்காமல் வந்து சேர்ந்தால் மட்டும் வெல்லக்கூடியது செக். கார்சொம்புக்குப் பனி வகைத் தாக்குதல் நான்கு மடங்கு வலிக்கும் என்பதால் செக்குகள் ஏராளம் என்று தோன்றும். ஆனால் யாச்சே கனியைச் சுமந்து வந்தால் முதல் பனி அடியின் பாதி கழிந்துபோகும், தப்பிப் பிழைத்தது திருப்பி அடிக்கும். டிராகன் வகை அடியைத் தாங்கும் உருக்கு வகைகளில் பெரும்பாலானவை அதன் நில வகை அடிக்கு விழும். நில வகை அடி தொடாத உருக்கு வகைப் போக்கிமொன்களான ஸ்கார்மரியையும் பிரான்சொங்கையும் நிறுத்தினால், அவற்றுக்காகவே ஒரு நெருப்பு வகை நகர்வை அது வைத்திருக்கக்கூடும். தாக்குதலை இரு மடங்காக்கும் ஸ்வோர்ட்ஸ் டான்ஸுடன் சேர்த்து இவை அனைத்தும் நான்கு நகர்வுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. கொப்பியில் பத்துப் பெயர் இருந்தாலும், எதிராளி எந்த நகர்வுகளை வைத்திருக்கிறார் என்று முன்கூட்டியே அறியாமல் நம்பத்தக்கவை எத்தனை என்று எண்ணினால் பட்டியல் ஒன்றிரண்டாகச் சுருங்கும். சுருங்கி எஞ்சியதே உண்மைக் கணக்கு. எஞ்சிய விடை வேறு எந்த எதிரிக்கும் பயன்படாததாக இருந்தால், ஆறு இடங்களில் ஒன்றை அதற்காக மட்டுமே ஒவ்வோர் அணியும் செலவழிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதே கார்சொம்ப், எண்கள் மாறாமலே, ஆறாம் தலைமுறையின் முதன்மைப் பிரிவில் தடையின்றி ஆடியது. 2013இல் வந்த ஃபேரி வகையை டிராகன் வகை அடிகள் தொடுவதில்லை. எதிரிகள் மாறியதும் தீர்ப்பும் மாறியது.

கொப்பிக் கணக்கை ஆட்டத்தில் சோதிக்கும்போது எண்ணிக்கையில் கவனம் தேவை. சமவலிமையுள்ள இருவர் 10 ஆட்டம் ஆடினால், குறிப்பிட்ட ஒருவர் ஏழோ அதற்கு மேலோ வெல்ல ஏறத்தாழ 17 வீத நிகழ்தகவு உண்டு. ஆகவே பத்துக்கு ஏழு என்பது எதையும் நிரூபிக்காது. 100 ஆட்டத்தில் 70 என்றால் கவனிக்கத்தான் வேண்டும். ஆறேழு பேர் கொண்ட நம் வட்டங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: எல்லோரையும் விட நன்றாக ஆடுபவர் எதைக் கையில் எடுத்தாலும் அது ஓபியாகத் தெரியும். அணிகளை மாற்றிக் கொடுத்து ஆடிப் பார்த்தால், வெற்றி ஆளோடு போகிறதா, பாத்திரத்தோடு தங்குகிறதா என்று தெரிந்துவிடும். குற்றம் சாட்டுபவரே அதை எடுத்து ஆட வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாக வைப்பேன். எதிரே நின்று பார்க்கும்போது தெரியாத பலவீனங்கள் கையில் எடுத்ததும் தெரியும். மழை மூட்டத்தில் சிக்னல் போய், நேரம் முடிந்து தோற்ற ஆட்டங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்.

சான்று வலுவாக இருந்தால், குற்றவாளி பாத்திரமா, அதன் ஒரு பகுதியா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாம் தலைமுறையில் கார்சொம்ப் மீண்டும் தடைக்குள்ளானபோது, மணற்புயலில் எதிரியின் குறி தவறச் செய்யும் சேண்ட் வெய்ல் என்ற திறனே பெரிய காரணமாக இருந்தது. வழக்கமாக நூறு வீதத் துல்லியம் கொண்ட தாக்குதலும் அதற்கெதிரே சராசரியாக ஐந்தில் ஒரு முறை வீணாகும். பின்னர் அந்தத் திறனையே தடை செய்ததும் கார்சொம்ப் திரும்பி வர முடிந்தது. மூடி என்ற திறன் இன்னொரு வகை: ஒவ்வொரு முறையும் ஒரு பண்பை இரண்டு படி உயர்த்தி இன்னொன்றை ஒரு படி தாழ்த்தும், எது உயரும் என்பது அதிர்ஷ்டம். இப்படிப்பட்டதன் வெற்றி வீதம் குறைவாக இருந்தாலும் தடைக்கு நியாயம் உண்டு, ஏனெனில் முடிவைத் தீர்மானிப்பது ஆடுபவரின் தெரிவுகளாக இருப்பதில்லை. ஆனால் இப்படிப் பிரிப்பதற்கும் எல்லை வேண்டும். நகர்வு ஒன்று, பொருள் ஒன்று, திறன் ஒன்று என மூன்றையும் சேர்த்து எழுதினால்தான் தடை விதி நிற்கும் என்றால், பாத்திரத்தையே விலக்குவது எளிது.

கடைசியாக முடிவெடுக்கும் முறை. ஸ்மோகோனில் வாக்களிக்க விரும்புபவர், சந்தேகத்துக்குரிய போக்கிமொன் இடம்பெறும் தரவரிசையில் ஆடி, குறிப்பிட்ட தகுதியை எட்டியாக வேண்டும். தடைக்கு 60 வீத ஆதரவு தேவை. நம் சிறு வட்டத்திலும் சோதனை ஆட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கு மட்டும் வாக்குரிமை கொடுத்து, பாதிக்குச் சற்று மேலான ஆதரவு போதாது என்று வைக்கலாம். புதிதாக வந்த பாத்திரமென்றால், மாற்று விடைகளைத் தேடச் சில வாரங்கள் கொடுத்துவிட்டு வாக்கெடுங்கள். எடுத்த முடிவின் பக்கத்தில் தலைமுறை, திகதி, காரணம் மூன்றையும் குறித்து வையுங்கள். ஆறாம் தலைமுறையில் விலக்கப்பட்ட ஏஜிஸ்லாஷின் முக்கிய எண்கள் எட்டாம் தலைமுறையில் 150இலிருந்து 140க்குக் குறைந்தன. அதன் கேடய நகர்வு எதிரியின் தாக்குதலை இரண்டு படிக்குப் பதில் ஒரு படியே குறைத்தது. அது முதன்மைப் பிரிவுக்குத் திரும்பியது. காரணம் எழுதப்பட்டிருந்தால், அடுத்த தீபாவளிக்குக் கூடும்போது அந்தக் காரணம் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.