எந்த ‘பேக்’? இணையத்தில் ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மாலை வகுப்பில் ஒரு மாணவி தன் குறிப்பேட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். நான்கு வண்ணப் பேனா, அடிக்கோல் வைத்துப் போட்ட கட்டங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற கையெழுத்து. நாற்பது பக்கம் நிறைந்திருந்தது. ‘வாட் ஆர் யூ டூயிங்’, ‘ஐ யாம் கோயிங் டு ஆஃபீஸ்’ என்று அத்தனை பக்கத்திலும் ஆங்கில வாக்கியங்கள், தமிழ் எழுத்தில். அவர் பாராட்டை எதிர்பார்த்தார். எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. இதே போன்ற குறிப்பேடு ஒன்று என்னிடமும் இருந்தது. அதனால் வந்த செலவை என் முதலாளி மறந்திருக்கலாம், நான் இன்னும் மறக்கவில்லை.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் கொடுப்பவரிடம் பேசி அதை முடித்துக் கொடுப்பவராக, வேலை பார்த்துக்கொண்டே இணையத்தில் ஆங்கிலம் பழகியவன் நான். இப்போது அதே வேலையில் இருக்கும் இளையவர்கள் பத்துப் பேருக்கு இரவு 8 மணிக்கு மேல் இணையவழியில் பயிற்சி தருகிறேன். கூச்சப்படக்கூடாது, தினமும் பழக வேண்டும் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியர் ஒருவரின் முகவர் மாலையில் தொலைபேசியில் அழைத்தார். 2,400 டி-ஷர்ட்டுகளுக்கான ஆர்டர். மார்பில் இருக்கும் சின்ன லோகோ அப்படியே இருக்கட்டும், பெரிய லோகோவை முதுகில் அடித்துவிடுங்கள் என்றார். எனக்கு அது சரியாகவே புரிந்தது. உடனே குறிப்பேட்டில் என் வழக்கப்படி எழுதினேன்: ‘பெரிய லோகோ – பேக்’.

மறுநாள் காலை ஒன்பது வேலைகளுக்கு நடுவே அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ‘பேக்’ என்றிருந்தது. அதைப் பை என்று படித்துக்கொண்டேன். டி-ஷர்ட்டைப் போட்டு மூடும் பாலிபேக்தான் என்று என் மூளை சொன்னது. பெரிய லோகோவைப் பாலிபேக் அடிப்பவருக்கு அனுப்பிவைத்தேன். மாற்றத்தை உறுதி செய்து மின்னஞ்சல் அனுப்புகிறேன் என்று முகவர் சொல்லியிருந்தார், அனுப்பியும் இருந்தார். பேசியதுதானே என்று நான் அதைத் திறக்கவே இல்லை.

சரக்கைச் சோதிக்க வந்தவர் முதல் பெட்டியைத் திறந்தபோது, பளபளக்கும் பையில் பெரிய லோகோவும் உள்ளே வெற்று முதுகும் இருந்தன. வெட்டிய துணியிலேயே அடித்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும். தைத்து முடித்த உடையில் அடிப்பதோ இரட்டை வேலை. எல்லாவற்றையும் பிரித்து, அடித்து, உலர்த்தி, மறுபடி இஸ்திரி போட்டு, புதுப் பையில் கட்டுவதற்குள் தூத்துக்குடியில் கப்பல் கிளம்பிவிட்டது. கப்பலில் போக வேண்டிய சரக்கு எங்கள் செலவில் விமானத்தில் போனது. முதலாளி கத்தவில்லை. சரக்கு போன பிறகு என்னைக் கூப்பிட்டு, “எழுதி வச்ச நோட்டைக் கொண்டா தம்பி” என்றார். பார்த்தார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் தெரியலையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்று எழுதினால் அது பையாக இருக்கலாம், முதுகாக இருக்கலாம், பொட்டலம் கட்டுவதாக இருக்கலாம், அடுப்பில் ரொட்டி சுடுவதாக இருக்கலாம். ஆய்த எழுத்தைப் போடச் சோம்பல்படுபவருக்குப் போலி என்ற பொருளில் வரும் சொல்லும் அதுவேதான். ‘கோட்’ என்று எழுதினால் மேலங்கியா, ஆடா, கணினிக் குறியீடா? இந்தக் கட்டுரையிலும் நான் ஆங்கிலச் சொற்களைத் தமிழில்தான் எழுதுகிறேன். அதனாலேயே ஒவ்வொரு முறையும் பொருளையும் கூடவே சொல்லிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

தமிழ் எழுத்தைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நம் எழுத்து நம் மொழிக்கு அளவெடுத்துத் தைத்தது. ‘பல்’லில் வரும் பகரமும் ‘தம்பி’யில் வரும் பகரமும் வேறு வேறு ஒலி. ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை இடமே தீர்மானித்துவிடுவதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சொல்லின் முதலிலேயே இரண்டு ஒலியும் வரும், மாற்றிச் சொன்னால் பொருளும் மாறும். 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. அதை வல்லினம் ஆறுக்குள் அடக்கப் பார்த்தால் பாதி ஒலி வெளியே நிற்கும்.

எழுத்தோடு நம் சொல்லிலக்கணமும் ரகசியமாக உள்ளே வந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடியாது. அதனால் ‘புக்’ என்று எழுதிவைத்தாலும் வாய் ‘புக்கு’ என்றுதான் முடிக்கும், ‘கப்’ என்றால் ‘கப்பு’. பேச்சுத் தமிழில் சொல்லின் முதலில் வரும் இகர, எகரத்துக்கு முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொள்ளும். ‘எலி’ என்று எழுதி ‘யெலி’ என்கிறோமே, அதுபோல. காது வலிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்ல வந்தவர் ஆண்டு வலிக்கிறது என்று சொல்லிவிடுவது இப்படித்தான்.

அழுத்தத்தையோ நம் எழுத்தில் காட்டவே முடியாது. புகைப்படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் முதல் அசையில் அழுத்தம். புகைப்படக்காரர் என்றால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும், முதல் உயிர் சுருங்கிக் காணாமல்போகும். தமிழில் ‘ஃபோட்டோகிராஃப்’, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்று எழுதினால் கடைசியில் ஒரு ‘அர்’ சேர்ந்தது மட்டும்தான் தெரியும். எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்லிப் பழகிய நம் பேச்சு, கேட்பவருக்குச் சரளைக் கல்லில் வண்டி போவது போல இருக்கும்.

இதில் என்னை எரிச்சலூட்டுவது, கற்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்வதில்லை என்பதுதான். பல காணொளிகளில் திரையை மூன்று வரிகள் நிரப்புகின்றன: ஆங்கில வாக்கியம், தமிழ்ப் பொருள், தமிழில் உச்சரிப்பு. கண் எந்த வரிக்குப் போகும்? தெரிந்த எழுத்துக்குத்தான் போகும். ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போதே காது வேலையை நிறுத்திவிட, கண் மூன்றாவது வரியை வாசிக்க ஆரம்பித்துவிடுகிறது. பிறகு அதைத் திரைப்பதிவு எடுத்து வைத்துக்கொள்கிறோம். தமிழில் உச்சரிப்புடன் பிடிஎஃப் என்று காசுக்கும் விற்கிறார்கள். நானே இரண்டு வாங்கியிருக்கிறேன்.

மாற்று எளிதானதுதான், ஆனால் முதல் மாதம் கசக்கும். புதுச் சொல்லை எழுத்தில் பார்ப்பதற்கு முன் மூன்று முறை காதால் கேளுங்கள். கேம்பிரிட்ஜ் அகராதியின் இணையப் பக்கத்தில் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒலிபெருக்கிக் குறி இருக்கிறது, பிரிட்டிஷ் உச்சரிப்பும் அமெரிக்க உச்சரிப்பும் இலவசமாகக் கேட்கும். யூகிளிஷ் என்ற தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால், யூடியூப் காணொளிகளில் பலர் அதைச் சொல்லும் இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். கேட்டபின் கைப்பேசியில் உங்கள் குரலைப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். குறிப்பேட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை எழுதி, அழுத்தம் விழும் அசையின் மேல் ஒரு புள்ளி வையுங்கள். பொருளைத் தமிழில் எழுதலாம், தாராளமாக.

என் ‘பேக்’குக்கு வருகிறேன். முதுகு, பை இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு கடைசி மெய்யில் மட்டும் இல்லை. பை என்பதில் நடுவிலுள்ள உயிர் சற்று நீளும், முதுகில் வெட்டென்று முடியும். கடைசி ஒலி தொலைபேசியில் தேய்ந்தாலும் அந்த நீளம் காட்டிக்கொடுத்துவிடும். பொட்டலம் கட்டும் ‘பேக்’குக்கு வேறொரு சோதனை உண்டு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். காகிதம் ஆடினால் சரி. நம் பகரத்தில் காற்று வெடிப்பதில்லை, காகிதம் அசையாது. அதனால்தான் நாம் பொட்டலம் என்று சொன்னது ஆங்கிலேயர் காதில் முதுகு என்று விழுகிறது. இவற்றை எந்த எழுத்தில் எழுதிக் காட்டுவீர்கள்?

ஆங்கில எழுத்தையே தட்டுத்தடுமாறிப் படிக்கிறவர் என்ன செய்வது என்று கேட்பார்கள். முதல் மாதத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கே கொடுக்க வேண்டும். குறுக்குவழி இருந்திருந்தால் நான் பிடித்திருப்பேன். ஒரே ஒரு விதிவிலக்கு: வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்பும் அறுபது வயது அம்மாவுக்கு விமான நிலையத்தில் சொல்ல ஆறு வாக்கியம் வேண்டும் என்றால், தமிழிலேயே எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அவர் ஏற்றுமதி செய்யப்போவதில்லை.

கேட்டால் போதும், பேச்சு தானாக வரும் என்று காத்திருப்பது

காதால் கேளுங்கள் என்று இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் என்ற ஆய்வாளர் கவனித்தார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டதில் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது, பேச்சு மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. புரிவதற்குக் கேட்பது போதும், பேசுவதற்குப் பேசியாக வேண்டும் என்ற கருத்தை அவர் 1985-இல் முன்வைத்தார். அடுத்தடுத்து ஆங்கிலப் படம் பார்த்துவிட்டுப் பயிற்சி செய்தேன் என்று சொல்லும் என் மாணவர்களை நினைத்துக்கொள்கிறேன். பத்து நிமிடம் கேட்டால் ஐந்து நிமிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். குளியலறை போதும்.

வகுப்பில் மைக்கை அணைத்துவைத்திருப்பது

வெறுமனே கேட்கத்தான் என்றால், அதற்கு யூடியூப் இலவசம்.

கைப்பேசி சரியாக எழுதிவிட்டது என்று நம்புவது

குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வசதியை வைத்து உச்சரிப்பைச் சோதிப்பது நல்ல யோசனைதான். நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னால் அது முன்பின் சொற்களை வைத்து ஊகித்து, உங்கள் பிழையை மூடிவிடும். காது வலிக்கிறது என்ற வாக்கியத்தில் ஆண்டு என்று சொன்னாலும் வலியைப் பார்த்துக் காது என்றே போட்டுவிடக்கூடும். உரையாடும் செயற்கை அறிவுச் செயலிகளிடமும் இந்தத் தாராளம் உண்டு. தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் மனிதருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே ஒற்றைச் சொல்லாகச் சோதியுங்கள்: காது, ஆண்டு, காது, ஆண்டு என்று ஆங்கிலத்தில் மாற்றி மாற்றி. நான்கும் சரியாக விழுந்தால்தான் சரி.

அமெரிக்கர் போலப் பேச முயல்வது

வேண்டாம். முதலில் தெளிவாகப் பேசுங்கள்.

30 நாளில் முடித்துவிடலாம் என்ற கணக்கு

தினம் அரை மணி நேரம் என்றால் 30 நாளில் 15 மணி நேரம். மொழித் திறனைப் படிப்படியாக அளக்கும் ஐரோப்பிய மொழித்தரச் சட்டகத்தில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறத்தாழ 200 மணி நேர வழிகாட்டலுடனான படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீடு. அதே அரை மணி நேரத்தில் ஓராண்டுக்கும் மேல். விளம்பரத்தில் இந்தக் கணக்கைப் போட மாட்டார்கள்.

திரும்பக் கேட்கத் தயங்குவது

அந்த மின்னஞ்சலை நான் திறக்காததற்கு உண்மையான காரணம் சோம்பல் இல்லை. ஏதாவது புரியாமல் போய், மறுபடி அழைத்துக் கேட்க வேண்டி வருமோ என்ற பயம். இப்போது என் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே பழக்குவது மூன்றே மூன்று வாக்கியம். இன்னொரு முறை சொல்லுங்கள் என்பது ஒன்று. நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா என்பது இரண்டாவது. எண்களுக்காக மூன்றாவது: பதின்மூன்று, முப்பது இரண்டும் ஆங்கிலத்தில் தொலைபேசியில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கும். அழுத்தம் கடைசியில் விழுந்தால் பதின்மூன்று, முதலில் விழுந்தால் முப்பது. ஆனால் பேச்சின் ஓட்டத்தில் அழுத்தம் இடம் மாறுவதும் உண்டு. எனவே ஒன்று-மூன்றா, மூன்று-சுழியமா என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டுவிடுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

அந்த மாணவி தன் நாற்பது பக்கக் குறிப்பேட்டை என்ன செய்வது என்று கேட்டார். தூக்கிப்போடச் சொல்ல மனம் வரவில்லை. உச்சரிப்பு வரிகளை மட்டும் வெள்ளை மை கொண்டு அழித்துவிட்டு, மேலே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரை ஆறு பக்கம் முடித்திருக்கிறார்.

முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டிவிடுவது

கட்டாதீர்கள்.