சாஞ்சது தூணா, மாடலா? போட்டோவுல இருந்து செக்‌ஷன் எடுக்கும்போது பண்ற தப்புங்க

வளவுத் தூணு, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுத்தி நிக்குற தூணு எல்லாம் தெற்கால சாஞ்சிருக்குன்னு வீட்டுக்காரங்ககிட்டயே போய் சொன்ன ஆளு நான். காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீடு, ரிப்பேருக்கு முன்னாடி அளவு ட்ராயிங் வேணும்னாங்க, ரெண்டு நாளா ஆயிரத்துக்கும் மேல போட்டோ எடுத்து, அதுல இருந்து சாஃப்ட்வேர்ல 3டி மாடல் பண்ணி, முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் நீளவாக்குல வெட்டிப் பாத்தா (இந்த வெட்டுப் படம்தான் செக்‌ஷன்) பர்மா தேக்குத் தூணு வரிசையா ஒரே பக்கமா சாயுது. வீட்டுல பதறிட்டாங்க. மறுநாள் ஆசாரி வந்தாரு, ஒண்ணும் பேசல, பையில இருந்து தூக்குக்குண்டை எடுத்து தூணு பக்கத்துல தொங்க விட்டாரு. தூணு நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. சாஞ்சிருந்தது என் மாடல்.

என்ன பண்ணியிருந்தேன்னா, மாடலை மட்டம் பண்ண முற்றத்துத் தரையைப் பிடிச்சுக்கிட்டேன். கல்லு பாவின தரை, பாக்க பலகை மாதிரி இருக்கு, இதவிட மட்டம் எது இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். அது மழைத்தண்ணி ஓடுறதுக்கு வாட்டம் விட்டுப் போட்ட தரை! வாட்டம் ஒரு டிகிரி இருந்தாலே போதும், 3 மீட்டர் தூணு 5 சென்டிமீட்டர் சாஞ்ச மாதிரி தெரியும், 40 மீட்டர் நீள வீட்டுல ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் 70 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வந்துடும். இப்பல்லாம் போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடியே லேசர் லெவல் வச்சு நாலு செவுத்துலயும் ஒரே உயரத்துல டார்கெட் (குறி போட்ட பேப்பர்) ஒட்டிடுறேன், லேசர் இல்லாத அன்னிக்கு கொத்தனார்கிட்ட டியூப் மட்டம் வாங்கிக்குவேன். தூக்குக்குண்டு நூலையும் ரெண்டு இடத்துல தொங்க விட்டு அதையும் சேத்து போட்டோ எடுங்க, தடிச்ச கலர் நூலா இருக்கட்டும், காத்துல ஆடுச்சுன்னா குண்டை ஒரு வாளித் தண்ணிக்குள்ள விட்டுடுங்க, ஆட்டம் அடங்கிடும்.

அளவும் இதே கதைதான். போட்டோவுக்கு அதுவா அளவு தெரியாது, ட்ரோன்ல ஜிபிஎஸ் இருக்கே அதுவே பாத்துக்கும்னு விட்டுடாதீங்க, சாதா ட்ரோன் ஜிபிஎஸ் மீட்டர் கணக்குல தப்பும். நாலஞ்சு இடத்துல டேப் பிடிச்ச அளவு வச்சுக்கோங்க, அதுல ஒண்ணை சாஃப்ட்வேர்ல குடுக்காம ஒளிச்சு வைங்க, கடைசியில அதோட ஒப்பிட்டா தெரிஞ்சுடும் சேதி.

சரி, மாடல் மட்டமாச்சு, அளவும் வந்தாச்சு, இப்ப எங்க வெட்டுறது? இங்க எல்லாரும் பண்ற தப்பு, சாஃப்ட்வேர் குடுக்குற எக்ஸ், ஒய் அச்சுலயே பெட்டியைப் போட்டு வெட்டுறது. அந்த அச்சு மேப்போட வடக்கு, நம்ம வீட்டோட வாசல் திசை வேற. 45 சென்டிமீட்டர் செவுரை 30 டிகிரி கோணலா வெட்டினா 52 ஆகிப்போகும், இது கண்ணுக்குத் தெரியும், சரி பண்ணிடுவோம். 10 டிகிரி கோணல்னா 7 மில்லிமீட்டர்தான் கூடும், யாருக்கும் தெரியாது, அப்படியே ட்ராயிங்ல உக்காந்துக்கும், ஆனா அறையோட அகலம், நிலையோட அகலம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் பெருத்திருக்கும். முதல்ல நீளச் செவுரு ஒண்ணுல ரெண்டு புள்ளி எடுத்து அதுக்கு நேரா மாடலைத் திருப்பிடுங்க, அப்புறம் வெட்டுங்க. பழைய வீட்டுல எல்லா மூலையும் 90 இருக்காது, அதனால எந்தச் செவுத்தை வச்சு திருப்பினீங்கன்னு எழுதியும் வைங்க.

அப்புறம் தூணு நடுவுல வெட்டாதீங்கப்பா. ரெண்டு தூணுக்கு நடுவுல வெட்டி, தூணு அந்தாண்ட முழுசா நிக்குற மாதிரி காட்டுறதுதான் முறை. ஜன்னலும் நிலையும் வெட்டுல விழணும், இல்லன்னா ஆயிரம் ஜன்னல் வீட்டை வெட்டினாலும் ட்ராயிங்ல வெறும் செவுருதான் வரும்.

இப்ப நம்ம ஊருக்குன்னே இருக்குற பிரச்சனைக்கு வர்றேன். இந்த சாஃப்ட்வேர் எல்லாம் ஒரு புள்ளியை ரெண்டு மூணு போட்டோவுல அடையாளம் கண்டுதான் அது எங்க இருக்குன்னு கணக்குப் போடுது, அது பொருளை நம்பி இல்ல, பொருள் மேல இருக்குற கறை, கீறல், சொரசொரப்பை நம்பி. நம்ம வீட்டுச் செவுரு எப்படி? சுண்ணாம்பு அரைச்சு முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசி, முகம் தெரியுற வரைக்கும் தேச்சு விட்ட செவுரு. கறையும் கிடையாது கீறலும் கிடையாது, ஜன்னல் வெளிச்சம்தான் அதுல ஓடும், நீங்க கேமராவை நகத்துனா வெளிச்சமும் நகரும், சாஃப்ட்வேர் அந்த வெளிச்சத்தைப் புள்ளின்னு நம்பிடும். தரை ஆத்தங்குடி கல்லு, கண்ணாடி மேல வார்த்து எடுக்குறதால வழுவழுன்னு மின்னும், போதாததுக்கு ஒரே பூ திரும்பத் திரும்ப, இந்தப் பூவா அந்தப் பூவான்னு அதுக்குக் குழம்பிடும். பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தா கேக்கவே வேணாம், கண்ணாடிக்குப் பின்னாடி இன்னொரு பட்டாலையே (பெரிய கூடம்) முளைச்சிருக்கும், செக்‌ஷன்ல அதுக்கும் ஒரு கோடு விழும்!

மாடல்ங்கிறதே இந்தப் புள்ளிங்களோட கூட்டம்தான், அதனால வெட்டின துண்டை முதல்ல பக்கவாட்டுல திருப்பி ஜூம் பண்ணிப் பாருங்க. நல்ல செவுருன்னா மெல்லிசா ஒரு வரி, மின்னுற செவுருன்னா 3 சென்டிமீட்டர் தடிமனுக்கு பஞ்சு மாதிரி புள்ளிக் கூட்டம். இந்தப் பஞ்சுல ஆட்டோமேட்டிக்கா கோடு போடச் சொன்னா அது வெளி ஓரத்தைச் சுத்தித்தான் போடும், ஒரு பக்கம் ஒன்றரை, மறு பக்கம் ஒன்றரை, 45 செவுரு 48 ஆச்சு. உண்மையான முகம் பஞ்சோட நடுவுல இருக்கு, அங்க கையால கோடு போடுறதைத் தவிர வேற வழி இல்ல, அப்பவும் டேப் பிடிச்சு ஒரு தடவை பாத்துக்கணும். போட்டோ எடுக்கும்போதே மேகமூட்டமான நேரமா பாத்து, லென்ஸ்ல பளபளப்பைக் குறைக்குற போலரைசர் போட்டு, செவுத்துல சின்னச் சின்னப் பேப்பர் துண்டு ஒட்டி எடுத்தா பாதி பஞ்சு குறைஞ்சிடும். ஆனா செல்லோடேப் வேணாம், உரிக்கும்போது பூச்சும் கூட வரும், பெயிண்டர் டேப் மட்டும், அதுவும் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு. நான் ஒட்டிக்கிட்டு இருக்கும்போது திண்ணையில இருந்த ஆச்சி, "ஏப்பா, செவுத்துக்கு அம்மை போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க.

துண்டோட தடிமன் பத்தி ஒரு வார்த்தை. மெல்லிசா இருந்தா துல்லியம்னு நெனச்சு 2 மில்லிமீட்டர் வைப்பாங்க, புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளியே 5 மில்லிமீட்டர் இருந்தா அந்தத் துண்டுல என்ன இருக்கும், அங்கொண்ணு இங்கொண்ணு. பயந்துபோய் 20 சென்டிமீட்டர் வைப்பாங்க, தூணு தலைமேல இருக்குற போதிகையோட செதுக்கல் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து களி மாதிரி ஆயிடும். புள்ளி இடைவெளியைப் போல மூணு நாலு மடங்கு வச்சு ஆரம்பிங்க, நேர் செவுத்துக்குக் கூட்டிக்கலாம், செதுக்கு வேலைக்குக் குறைச்சுக்கலாம்.

க்ளவுட்கம்பேர்ங்கிற சாஃப்ட்வேர்ல துண்டு போட்டு அதுல இருந்து வெளிக்கோடு எடுக்குற வசதி இருக்கு, இலவசம், நானும் அதைத்தான் பயன்படுத்துறேன். அதுல கோடு அதிகபட்சம் எவ்வளவு நீளம் தாண்டலாம்னு ஒரு எண் கேக்கும், அங்கதான் சூட்சுமம். எண்ணு பெருசுன்னா நிலைவாசலை மூடிக்கிட்டு போயிடும், ரொம்ப சிறுசுன்னா பஞ்சுல இருக்குற ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் இறங்கி ஏறி ஒரு செவுத்துக்கு எட்டாயிரம் முனை வரும், ஆட்டோகேட் மூச்சு வாங்கும். தனித் தூணுக்கு இது அருமை, கதவும் மாடமும் உள்ள செவுத்துக்கு லாயக்கில்ல, துண்டைப் பின்னாடி படமா வச்சு மேல கையால வரையுறது எவ்வளவோ வேகம்.

வரையும்போது எவ்வளவு நுணுக்கம் வேணும்னு பேப்பரைப் பாத்து முடிவு பண்ணுங்க. 1:50 ட்ராயிங்ல 0.25 மில்லிமீட்டர் பேனாக் கோடு, இடத்துல பன்னெண்டரை மில்லிமீட்டரை மூடிடும். அதுல 1 மில்லிமீட்டர் வளைவுக்கு அடிச்சுக்கிறதுல என்ன இருக்கு? போதிகைக்குத் தனியா 1:10 போட்டுக்கலாம். அதுக்குன்னு, கோட்டை நேரா மட்டும் போக விடுற ஆர்த்தோவை அமுக்கி எல்லாத்தையும் நேராக்கிடாதீங்க, செவுரு நடுவுல 4 சென்டிமீட்டர் உப்பியிருந்தா ரிப்பேர் பண்றவருக்கு அந்த உப்பல்தான் வேணும்.

ஸ்க்ரீன்ஷாட்டுல வரையுற பழக்கம் இருக்குறவங்க தூரத்துல இருக்குறதைச் சிறுசா காட்டுற பெர்ஸ்பெக்டிவ் அணைஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க, பிளெண்டர்ல நம்பர்பேட் 5. அது எரிஞ்சுக்கிட்டு இருந்தா பின்கட்டு முகப்பைவிடக் குட்டையா வரும்.

ஃபைலை வெளிய அனுப்பும்போது நடக்குற கூத்து தனி. மேப்புல இடத்தை மீட்டர்ல சொல்ற யூடிஎம் முறையில நம்ம பக்கம் 44-வது மண்டலம், வடக்கு எண் (பூமத்திய ரேகையில இருந்து வடக்கே எத்தனை மீட்டர்ங்கிறது) 11 லட்சத்துக்கு மேல. அந்த எண்ணோட மாடலை 32 பிட் எண்ணா சேமிக்கிற ஃபைல்ல போட்டா, அந்த அளவுல அதுக்குப் பன்னெண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு படிதான் தெரியும், நடுவுல எதுவும் கிடையாது. உருண்டைத் தூணு படிக்கட்டா வந்து நிக்கும், நீங்க போட்டோவைக் குறை சொல்லிக்கிட்டு இருப்பீங்க. க்ளவுட்கம்பேர் திறக்கும்போதே பெரிய எண்ணைக் கழிச்சுக்கவான்னு ஒரு பெட்டி கேக்கும், படிக்காம மூடிடாதீங்க, கழிங்க, கழிச்ச எண்ணை எழுதி வைங்க. ஆட்டோகேட்ல திறக்குற டிஎக்ஸ்எஃப் ஃபைல்ல மீட்டரா மில்லிமீட்டரான்னும் சொல்லி அனுப்புங்க, ஒருத்தருக்கு நான் அனுப்பின 40 மீட்டர் வீடு அவரு ஸ்க்ரீன்ல 40 மில்லிமீட்டரா திறந்துச்சு, வெத்து ஃபைல் அனுப்பிட்டேன்னு போன்ல திட்டு.

கடைசியா, கேமரா பாக்காத இடம். கேமராவுக்கு மேல்தோல்தான் தெரியும், மேல இருக்குற மெட்ராஸ் டெரஸ் தளம் (உத்தரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை) எவ்வளவு தடிமன்னு அதுக்குத் தெரியாது, கீழ உத்தரமும் மேல மொட்டமாடியும் ஒரே மாடல்ல இணைஞ்சிருந்தாத்தான் நடுவுல எவ்வளவுன்னு வரும். அதுக்கு மாடிப்படி வழியா விடாம போட்டோ எடுத்துக்கிட்டே ஏறணும், உள்ள ஒரு செட்டு வெளிய ஒரு செட்டுன்னு எடுத்தா ரெண்டும் ஒட்டாது.

அதவிட மோசம் மெஷ்ஷு, அதாவது புள்ளிங்களை வலை மாதிரி இணைச்சு போடுற மேல்பரப்பு. ஓட்டை இருந்தா அது சும்மா இருக்காது, இழுத்துப் பிடிச்சு மூடி வைக்கும், செக்‌ஷன்ல அதுவும் அழகான கோடா வரும், நிஜக் கோட்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. அதே வீட்டுல வளவைச் சுத்தி ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு அறை, ஒரு சாவி சென்னையில, ஒண்ணு மலேசியாவுல, நான் போனப்ப ரெண்டு அறை பூட்டு. மெஷ் அந்த ரெண்டு அறையையும் அடைச்சு 3 மீட்டர் தடிமனுக்கு ஒரே செவுரா காட்டிடுச்சு, நானும் அதை கட்டடமா நெனச்சு கருப்படிச்சு வச்சுட்டேன். ஆச்சி ட்ராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எங்க கொழுந்தனார் அறையை எங்கப்பா தூக்கி வச்சிருக்க?"ன்னாங்க. இப்ப ஓட்டை அடைக்கிறதை முதல்லயே அணைச்சுட்டுத்தான் வெட்டுறேன், புள்ளி இல்லாத இடத்துல விட்டு விட்டு கோடு, உள்ள "பூட்டியிருந்தது"ன்னு எழுதி தேதி போடுறேன். மலேசியா சாவி போன மாசம் வந்துச்சு, இன்னொண்ணு இன்னும் வரல.