எலி பிடிக்கப்போய் நாங்கள் விடுகிற பிழைகள்

காலபோக அறுவடை முடிந்து நெல் மூடைகள் விறாந்தையில் ஏறிய பிறகுதான் வன்னியில் எலிக்கதை தொடங்கும். கதிர் நிற்கும்வரை எலிக்கு வீடு தேவையில்லை. வெட்டு மெசின் ஒரே நாளில் வயலை மொட்டையடித்துவிட்டுப் போனதும், நெல் போன வழியே அதுவும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வளைக்குள் தண்ணீர் ஏறினால் இன்னொரு வரவு. இரண்டு தடவையும் நாங்கள் செய்வது ஒன்றுதான். இரவு முகட்டில் ஓடுகிற சத்தம் கேட்டால், விடிந்ததும் கடைக்குப் போய் ஒரு பைக்கற் எலிமருந்து வாங்குவோம்.

வந்திருப்பது என்ன என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் பிழை. சுண்டெலியின் புழுக்கை அரிசி மணியை விடச் சிறியது. பெரிய எலியின் புழுக்கை அரை அங்குலம் வரை இருக்கும். சுவரோரம் வெளியே மண் குவித்து வளை தோண்டியிருந்தால் அது பெரும்பாலும் அகிழான். அதற்குக் குசினிக்குள் பொறி வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. நீண்ட மூக்கோடு, ஒருவித நாற்றத்தோடு, கீச்சிட்டுக்கொண்டு சுவரோரம் ஓடுவது மூஞ்சூறு. அது எலியே இல்லை, கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. அதை விளக்குமாற்றால் அடித்துவிட்டு 'எலி செத்தது' என்று நிம்மதியாகப் படுத்தவர்களை எனக்குத் தெரியும். மறுநாளும் மூடையில் ஓட்டை விழத்தான் செய்யும்.

நான் விட்ட பிழை வேறு. குசினியில் அரிசி வாளியின் மூடியை எலி கொறித்திருந்தது. அதனால் எலி குசினியில் இருக்கிறது என்று முடிவுகட்டி, மூன்று கிழமை குசினிக்குள்ளேயே அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் அம்மா சொன்ன யோசனைப்படி, படுக்கப் போகுமுன் கொஞ்ச மாவை அரிதட்டில் போட்டு நிலத்தில் மெல்லியதாகத் தட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் படம் வரைந்ததுபோல் கிடந்தது: முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து, நடுவே வால் இழுபட்ட கோடு. தடம் சுவரை ஒட்டியே போய், அலுமாரிக்குப் பின்னால் வயர் ஏறும் இடத்தில் முடிந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரைச் சீற்றின் வளைவுகளுக்கும் சுவருக்கும் இடையில், வீடு கட்டிய நாளிலிருந்து ஒருவரும் பூசாமல் விட்ட இடைவெளிகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தாராளமாகப் போகும். அதில் ஒன்றின் விளிம்பு மட்டும் எண்ணெய் தடவியதுபோல் கறுத்திருந்தது. எலியின் உடம்பு உரசி உரசி வரும் கறுப்பு அது. எலி குசினிக்குச் சாப்பிட மட்டும்தான் வந்து போயிருக்கிறது.

சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும், பென்சில் தடிப்பு. எலிக்கு அரை அங்குலம் கிடைத்தால் தலையை நுழைத்துவிடும், உடம்பு பின்னால் வந்துவிடும். கதவின் அடி, தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைக்கும் இடம், வயர் இறங்கும் ஓட்டை, கிடுகுக் குசினியும் கல்வீடும் சேரும் மூலை, இவைதான் வழமையான வாசல்கள். கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் முருங்கைக் கொப்பும் தென்னோலையும் ஏணி மாதிரி. இவற்றை விட்டுவிட்டு எத்தனை எலியைக் கொன்றாலும், காலியான இடத்துக்கு அடுத்தது வரும். அது குட்டி போட மூன்று கிழமை போதும். ஒரு தடவைக்கு ஐந்தும் போடும், பத்தும் போடும்.

ஓட்டையை அடைப்பதிலும் பிழை விடுகிறோம். பழந்துணி, சவர்க்காரக் கட்டி, ரெஜிபோம் எல்லாவற்றையும் எலி ஒரே இரவில் கொறித்துத் தள்ளும். அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறிக்காமல் அதால் இருக்கமுடியாது. சட்டி தேய்க்கும் கம்பிச்சுருளை இறுக்கி அடைத்து, அதன்மேல் சீமெந்து பூச வேண்டும். பெரிய இடைவெளிக்குச் சின்னக் கண்ணுள்ள கம்பிவலை. அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை: ஓட்டைக்குள் பேப்பரைச் சுருட்டி வையுங்கள். மறுநாள் பேப்பர் வெளியே கிடந்தால் அந்த வழி பாவனையில் இருக்கிறது, பொறி வைக்க வேண்டிய இடமும் அதுதான். மூன்று நான்கு நாள் பேப்பர் அசையாமல் இருந்தால் அடைக்கலாம். உள்ளே எலி இருக்க அவசரப்பட்டுப் பூசினால், அது வேறு இடத்தில் புது ஓட்டை போடும், அல்லது உள்ளேயே செத்து நாறும்.

சரி, மருந்துக்கு வருவோம். இதில்தான் வீட்டுக்கு வீடு பிழை நடக்கிறது. நீலம், பச்சை, சிவப்பு என்று கட்டியாகவோ மணியாகவோ வருபவை பெரும்பாலும் புரோடிபக்கூம், புரோமடியோலோன் போன்ற மருந்துகள். இவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி அன்றைக்கே சாகாது, மூன்று முதல் ஏழு நாள் வரை எடுக்கும். தாமதிப்பதுதான் அந்த மருந்தின் சூட்சுமம். தின்றவுடன் வருத்தம் வந்தால் தப்பிய எலி அந்தப் பக்கமே திரும்பாது. நாங்களோ மறுநாளும் சத்தம் கேட்டதும் 'மருந்து டூப்ளிக்கேற்' என்று திட்டிவிட்டு, வேறொன்றை வாங்கி அதன்மேல் கொட்டுகிறோம். சிங் பொஸ்பைட் எனும் கறுத்த சாம்பல் நிறத் தூள் வேறு வகை. வயிற்று அமிலம் பட்டதும் பொஸ்பீன் வாயுவாக மாறிக் கொல்வது. அதற்கு முறிமருந்து கிடையாது. அதை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

'மருந்து தின்ற எலிக்குத் தாகம் எடுக்கும், தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும்' என்றொரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அப்படி ஒரு ஒழுங்கும் எலிக்கு இல்லை. அது சீலிங்குக்கு மேல் சாகும், அலுமாரிக்குப் பின்னால் சாகும், நெல் மூடைகளின் நடுவில் சாகும். இரண்டு கிழமை நாற்றம், பிறகு இலையான். வளவுக்குள் செத்தால் அதைவிட மோசம். கோழி கொத்தும், நாய் தூக்கும், கூகை கொண்டுபோகும், எலியின் உடம்பில் இருக்கும் நஞ்சு அவற்றுக்கும் ஏறும்.

கருவாட்டிலும் கச்சானிலும் மருந்தைப் பிசைந்து கோப்பையில் வைப்பவர்கள், அந்த வாசத்துக்குத் தவழ்கிற பிள்ளையும் வரும் என்பதை நினைப்பதில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் இரண்டடி பிவிசி குழாயின் நடுவில் வைத்து, குழாயைச் சுவரோரம் கட்டிவிடுங்கள். கிணற்றடியில் வேண்டாம். எத்தனை கட்டி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், பிறகு எண்ணிப் பாருங்கள். பிள்ளை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், பைக்கற்றையும் கையோடு கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் வகைக்கு விற்றமின் கே என்ற முறிமருந்து உண்டு, ஆனால் அறிகுறி தெரியச் சில நாள் பிடிக்கும். 'பிள்ளை நல்லாத்தானே விளையாடுது' என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

பொறி நல்லது, ஆனால் பொறுமை வேண்டும். பெரிய எலிக்குப் புதுச் சாமான் என்றாலே பயம். நேற்று இல்லாத பொறி இன்றைக்கு நடுக்குசினியில் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். நாங்கள் ஒரே ஒரு பொறியை நடுவில் வைத்து, ஒரு இரவு பார்த்துவிட்டு இடம் மாற்றுகிறோம். மாற்றிய இடத்தில் அது மறுபடியும் புதுச் சாமான். இரண்டு மூன்று இரவு பொறியைப் பூட்டாமல் தீனியை மட்டும் வைத்துப் பழக்குங்கள், அப்புறம் பூட்டுங்கள். சுவருக்குக் குறுக்காக, தீனிப் பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். ஒன்று போதாது, நாலைந்தை ஒரே இரவில் பூட்டுங்கள். முகட்டில் ஓடுகிற எலிக்குப் பொறியைக் கூரையின் வளை மரத்தின்மேல் கட்டிவிடலாம். தீனிக்கு நெருப்பில் வாட்டிய தேங்காய்ச் சொட்டு, அல்லது கருவாட்டுத் துண்டு. அதை நூலால் கட்டாவிட்டால் கெட்டிக்கார எலி பொறி விழாமலே இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஒட்டும் அட்டையை நான் ஒரு தடவைதான் வாங்கினேன். எலிக்கு முன்னால் இரண்டு பல்லியும் ஒரு ஓணானும் ஒட்டின. சமையல் எண்ணெய் தடவி ஓணானைக் கழற்றி எடுக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பூச்சி முட்டை எனும் நப்தலின் உருண்டை, கற்பூரம், பிளக்கில் குத்துகிற சத்தக் கருவி இவற்றுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். எலிக்குக் கரண்ட் வயர் இழுப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அதில் அடிபட்டுச் செத்த மனிதர்களும் ஊரில் உண்டு.

"தம்பி, பூனை கிடக்குதுதானே, பிறகென்ன?" என்று பக்கத்து வளவுப் பெரியம்மா கேட்பார். பூனை சுண்டெலி பிடிக்கும். வளர்ந்த எலியோடு மோத முக்கால்வாசிப் பூனைகள் விரும்புவதில்லை, அதுவும் கோப்பையில் மீன் சோறு இருக்கும்போது. மிச்சம் கிடக்கும் அந்தச் சோற்றை இரவில் எலிதான் முடிக்கிறது. உண்மையான வேட்டைக்காரர்களை நாங்கள் தடியோடு கலைக்கிறோம்: சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்கிறோம், கூகையைச் சாக்குருவி என்று கல்லெறிகிறோம். எலி பெருத்தால் அதைத் தேடி நாகமும் புடையனும் வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

நெல்லைச் சுவரோடு ஒட்டி, வெறும் நிலத்தில் அடுக்குவது எலிக்கு வீடு கட்டிக் கொடுக்கிற மாதிரி. முந்தி நெல் போட்டு வைக்கும் கொம்பறையை நிலத்தில் படாமல் உயர்த்திக் கட்டினார்கள். இப்போது கொம்பறை இல்லாவிட்டாலும் பலகை போட்டு உயர்த்தலாம், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கலாம். பின்னால் போய்க் கூட்டவும் வசதி. அரிசி, உளுந்து, ஒடியல் எல்லாம் மூடியுள்ள தகரத்துக்குள். குசினிச் சுவரோரம் சாய்த்த விறகை வளவின் கோடிக்குத் தள்ளுங்கள்.

எலி போன பிறகும் ஒரு பிழை மிச்சம் இருக்கிறது: புழுக்கையை உலர்ந்தபடியே தும்புத்தடியால் கூட்டுவது. தூசு நேரே மூக்குக்குள் போகும். கையுறை போட்டு, துணி வெளுக்கும் குளோறின் திரவம் (ப்ளீச்) ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள். செத்த எலியையும் வெறுங்கையால் வாலில் பிடித்துத் தூக்க வேண்டாம், பையில் போட்டு ஆழமாகப் புதையுங்கள். 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்த காய்ச்சல் எலிக்காய்ச்சல்தான். எலியின் சலம் கலந்த தண்ணீரும் சேறும் காலில் இருக்கும் சின்னக் காயம் வழியாகவே அதை உடம்புக்குள் ஏற்றிவிடும். வயலில் இறங்குபவர்கள் முன்கூட்டியே எடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சல், தசைநோவு, கண் சிவப்பு என்று வந்தால் பனடோலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயலுக்கு இறங்கியதையும் வீட்டில் எலி இருப்பதையும் டொக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.