பாடக் கருவி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வினாடி வினாப் பகுதி, வீடியோ பிளேயர், முன்னேற்றப் பட்டை என்று ஒருமுறை எழுதிப் பல ஆன்லைன் பாடங்களில் பயன்படுத்தும் கருவிகளைப் புதிதாகச் செய்ய வருபவர்கள், இந்தத் துறையில் எல்லோரும் விழுந்தெழுந்த அதே குழிகளில்தான் விழுகிறார்கள். பேக்கப் எடுங்கள், போனில் திறந்து பாருங்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. சொல்லாவிட்டால் தெரியாதவை இவை.

முன்னேற்றத்தை அப்படியே ஜேசானாகக் கொட்டுவது

அதிக நஷ்டம் தருவது இதுதான். இன்றும் இதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் படிப்பவரின் உழைப்பு இதில் அழிகிறது.

ஆன்லைன் பாடமும், அதை நடத்தும் தளமான எல்.எம்.எஸ்.ஸும் பேசிக்கொள்ளும் விதிமுறைதான் ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பில் பாடத்தின் நிலையைச் சேமிக்க 'சஸ்பெண்ட் டேட்டா' என்ற ஒரே இடம். அதன் அளவு 4,096 எழுத்து. கேள்வி எண், பதில், முயற்சி, மதிப்பெண், நேரம் என்று ஒரு கேள்விக்கு ஒரு ஜேசான் (தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் உரை வடிவம்) பதிவு வைத்தால் ஏறக்குறைய 60 எழுத்து ஆகும். 20 கேள்விப் பாடத்தில் சோதித்தால் எல்லாம் சுகம். 69வது கேள்வியில் கணக்கு 4,140. சில எல்.எம்.எஸ். மிச்சத்தை வெட்டிவிடும், சில, மொத்தத்தையும் ஏற்க மறுக்கும். வாலறுந்த ஜேசானைப் படிக்க முடியாது. 72 கேள்விப் பயிற்சியில் 70 வரை வந்தவர் மறுநாள் திறக்கும்போது முதல் பக்கத்தில் நிற்பார்.

பிழைச் செய்தி ஏன் வருவதில்லை? ஏற்க மறுக்கும்போது எல்.எம்.எஸ். திருப்பித் தருவது 'ஃபால்ஸ்' என்ற ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துத் தொடர். ஜாவாஸ்கிரிப்டில் காலியாக இல்லாத ஸ்ட்ரிங் எல்லாம் 'ட்ரூ' கணக்குதான். நேரடியாக 'இஃப்' போட்டால் தோல்வியும் வெற்றியாகவே தெரியும். ஸ்ட்ரிங்காகவே ஒப்பிடுங்கள், தோற்றால் பிழை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பதிலைத் தமிழ் உரையாகவே வைப்பவர்களுக்கு இன்னும் மோசம். 'தேர்வு' என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஆறு. யூ.ஆர்.எல். என்கோட் செய்து, அதாவது இணைய முகவரியில் வருவதுபோல் % குறியீடுகளாக மாற்றிச் சேமித்தால் 54!

தீர்வு: கேள்விக்கு மூன்றே எழுத்து. தேர்ந்த விடை, முயற்சி எண்ணிக்கை, சரியா தவறா. 100 கேள்விக்கு 300 எழுத்து போதும். நேரம் போன்ற விவரங்களைக் கேள்விவாரிப் பதிவுக்கான 'இன்டராக்‌ஷன்ஸ்' பகுதிக்கு அனுப்புங்கள், 1.2-இல் அதை எழுத மட்டும்தான் முடியும், திரும்பப் படிக்க முடியாது, அறிக்கைக்கு அது போதும். ஸ்கார்ம் 2004-இன் 4ஆம் பதிப்பு 64,000 எழுத்து தருகிறதே என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கருவி எந்த எல்.எம்.எஸ்.ஸில் போய் உட்காரும் என்று உங்களுக்குத் தெரியாது.

இப்படிச் சுருக்கியவர்கள் அடுத்து விழும் குழி ஒன்று உண்டு. 12வது கேள்விக்குப் பின் புதிதாக ஒன்றைச் செருகினால், பழைய 13வது பதில் புதுக் கேள்வியின் கணக்கில் ஏறும். அதற்குப் பிறகு எல்லாமே ஓரிடம் நகர்ந்துவிடும். சரியாக எழுதியவருக்குத் தவறு என்று காட்டும். ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் நிரந்தர இடம் கொடுங்கள். புதியது கடைசி இடத்துக்குப் போகட்டும், திரையில் வரும் வரிசை தனியாக இருக்கட்டும், நீக்கிய கேள்வியின் இடம் காலியாகவே கிடக்கட்டும். சேமிக்கும் ஸ்ட்ரிங்கின் முதல் இரண்டு எழுத்து பாடத்தின் பதிப்பு எண்ணாக இருக்கட்டும். பிறகு, இருப்பதிலேயே நீளமான பாடத்தில் எல்லாக் கேள்விக்கும் விடையளித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள்.

மூடும்போது சேமித்துக்கொள்ளலாம் என்பது

போன் பிரவுசர் தாவலைச் சொல்லாமல் கொன்றுவிடும். பக்கத்துக்குப் பக்கம் 'கமிட்' செய்யுங்கள், அதாவது எல்.எம்.எஸ்.ஸை அப்போதே சேமிக்கச் சொல்லுங்கள். 'எக்ஸிட்' மதிப்பை 'சஸ்பெண்ட்' என்று வைக்க மறந்தால், பல எல்.எம்.எஸ்.கள் அந்த முயற்சி முடிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்த முறை புதிதாகத் தொடங்கிவிடும்.

ஃபோல்டரை ஜிப் செய்வது

உள்ளே இருப்பவற்றைத் தேர்ந்து ஜிப் செய்யுங்கள். பாடத்தின் கோப்புகளைப் பட்டியலிடும் மேனிஃபெஸ்ட் கோப்பு ஜிப்பின் மேல்தட்டில் இருக்க வேண்டும், ஃபோல்டரோடு ஜிப் செய்தால் அது ஒரு தட்டு உள்ளே போய்விடும்.

'முடித்தார்', 'தேறினார்' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது

1.2-இல் இரண்டுக்கும் ஒரே புலம். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். எது என்று பாடத்தின் அமைப்புக் கோப்பில் முன்பே தீர்மானியுங்கள்.

முதல் பாடத்திலேயே பொதுக்கருவி

மூன்று பாடத்தில் ஒரே நிரல் திரும்ப வரட்டும், பிறகு அதைப் பொதுக்கருவியாகப் பிரித்தெடுங்கள்.